கொத்தனார் திறக்கும் செயலி

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்தில் புதுச்சேரிக் கடிதம் கப்பலேறிப் பிரான்சு சேரவே பல மாதங்கள். பதில் வருவதற்குள் சண்டையே திசைமாறியிருக்கும். இன்று பதிலுக்குப் பஞ்சமில்லை. எடுத்த முடிவுதான் வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடுகிறது!

ஊழியர் பேச்சு தன் கட்டுப்பாட்டிலேயே இருக்கட்டும் என்று பிரெஞ்சு அரசு 2019-இல் ‘ட்சாப்’ என்ற சொந்த அரட்டைச் செயலியையே கொண்டுவந்தது. புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் குழுவுக்கு அதெல்லாம் அதிகம். பொறியாளருக்கு ஸ்லாக் செயலி பிடிக்கலாம், சோகோவின் கிளிக் பிடிக்கலாம். கொத்தனாரும் ஆசாரியும் திறப்பது வாட்ஸ்அப்பைத்தான். அங்கேயே பேசுங்கள். அளவு, விலை, முடிவு மூன்றையும் மட்டும் எல்லோரும் பார்க்கும் ஒரு கூகுள் தாளில் அன்றன்றே ஏற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஜன்னல் அளவில் தகராறு வந்தால், தேட வேண்டிய இடம் அது ஒன்றுதான்.