நோயாளி குற்றவாளியா?

சந்திரனுக்குச் சயரோகம் வந்ததாம்! புராணிகர் கூறுகிறார். தட்சன் தன் பெண்கள் இருபத்தேழு பேரைச் சந்திரனுக்கு மணமுடித்து வைத்தானாம். அவனோ உரோகிணி ஒருத்தியிடமே மயங்கிக் கிடந்தானாம். மாமனார் சினங்கொண்டு, தேய்ந்து போகச் சபித்தாராம். இருபத்தேழு பேரை ஒருவனுக்குக் கட்டி வைத்தவன் குற்றவாளியல்லன், இருமியவனே குற்றவாளி! வைதிகத்தின் நீதி எப்போதும் இப்படித்தான்.

1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், பெர்லினில் இராபர்ட் கோக் அந்தச் சாபத்தை நுண்பெருக்கியின் அடியில் வைத்துக் காட்டினார். அது ஒரு கிருமி. சாபம் அன்றோடு செத்தது என்று மகிழ்ந்தோம். அவசரப்பட்டுவிட்டோம். விதி என்றும் வினை என்றும் நோயாளியைப் பழித்த நாக்கு, இன்று வேறு சொற்களில் பேசுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றதும், "ஒழுங்காக மாத்திரை விழுங்கியிருந்தால் வருமா? தானே தேடிக்கொண்டான்" என்று படித்தவரும் தீர்ப்பளிக்கிறார். பகுத்தறிவு பேசும் நம்மில் சிலரும் தலையசைக்கிறோம். எனவே, தோழர்களே, இந்த வழக்கை விசாரித்தே ஆக வேண்டும்.

ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது; முடிவு 1948இல் வெளிவந்தது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் மாண்டவர் 4 பேர். மருந்தின்றிப் படுக்கையில் ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். வெற்றி முரசு கொட்டியது. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோதோ மருந்து பெற்றவரில் 32 பேர், பெறாதவரில் 35 பேர் மாண்டிருந்தனர். அந்த 55 பேரும் மருத்துவர் கண்ணெதிரே, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து மருந்து பெற்றவர்கள். ஒழுங்கீனம் எங்கே இருந்தது? ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்த முறையிலே இருந்தது.

கிருமிக்கு எதிர்ப்பைக் கற்பித்தது மருந்துதானா? அதுவும் இல்லை. எஸ்தர் லெடர்பர்க், ஜோஷுவா லெடர்பர்க் இருவரும் 1952இல் குடல் கிருமியை வைத்து இதை மெய்ப்பித்தனர். ஒரு தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டங்களின் மீது வெல்வெட் துணியை ஒற்றி, மருந்து கலந்த தட்டுகளில் அதே வரிசையில் பதித்தனர். அங்கே பிழைத்த கூட்டம் எந்த இடத்தில் இருந்ததோ, மூலத்தட்டில் அதே இடத்துக் கிருமியை எடுத்துச் சோதித்தனர். மருந்தின் வாடையையே அறியாத அந்தக் கிருமியும் மருந்தை எதிர்த்தது! மாற்றம் முன்னே பிறந்தது. மருந்து பின்னே வந்தது.

காசநோய்க் கிருமியிலும் இதே கதைதான். அது பெருகும்போது மரபணு எழுத்துகளில் தற்செயலாகப் பிழை நேர்கிறது. ஐசோனியசிட் மருந்தை நஞ்சாக்குவது கிருமியின் சொந்த நொதியே. கேட்-ஜி என்னும் மரபணுவில் பிழை நேர்ந்து அந்த நொதி பழுதானால் மருந்து வெறும் பொடி. அத்தகைய கிருமி ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்று. ரிபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. குழிவிழுந்த நுரையீரலிலோ கிருமிகள் பல கோடி.

தற்செயல் என்றால் விதிதானே என்பார் ஆத்திகர். அல்ல! விதியை எண்ண முடியாது, தற்செயலை எண்ணலாம். இரு மருந்துக்கும் ஒருசேர அடங்காத கிருமி கோடி கோடியில் ஒன்று; அத்தனை கிருமி எந்த மார்பிலும் இல்லை. ஆகவே மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தனர், எதிர்ப்பு தடுக்கப்பட்டது. எந்தச் சாந்தி ஓமம் இந்தக் கணக்கைப் போட்டது?

மருந்தை இடையில் விட்டால் எதிர்ப்புக் கிருமி தலைதூக்கும் என்பது உண்மை, மறைக்க மாட்டோம். ஆனால், ஏன் விடுகிறார் என்று கேட்டோமா? 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம் 1959இல் உலகுக்குச் சொன்னது என்ன? மருத்துவமனையில் நல்லுணவோடு ஓய்ந்திருந்தவர்க்கும், நெருக்கடியான வீட்டில் குறையுணவோடு அதே மருந்துகளை உட்கொண்டவர்க்கும் குணத்தில் பெரும் வேறுபாடு இல்லை. மருந்து தேடிவந்தால், துணைநிற்க ஆளிருந்தால், ஏழை விழுங்குகிறார்!

தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரியில் கடும் எதிர்ப்புக் காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் மாண்ட செய்தி 2006இல் வெளியாயிற்று. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அதற்குமுன் காசநோய் மருந்தைத் தொட்டதே இல்லை. எதிர்ப்புக் கிருமியையே பிறரிடமிருந்து மூச்சில் வாங்கியவர்கள். எந்த மாத்திரையைத் தவறவிட்டதற்காக அவர்களைத் தண்டிப்பது?

"தவறியவர்" என்று குற்றப்பத்திரிகை போல ஏட்டில் எழுதிவந்த சொல்லை உலக நல்வாழ்வு நிறுவனம் 2013இல் நீக்கி, "தொடர்பு விடுபட்டவர்" என்றாக்கியது. செவியைச் செவிடாக்கக்கூடிய ஊசியை மாதக்கணக்கில் குத்திக்கொண்டு, கூலியை இழந்து, நடந்து நடந்து ஒருநாள் நின்றுபோனவர் அவர். மாத்திரை இருப்பில் இல்லை, நாளை வா என்று திருப்பியனுப்பப்பட்டவரும் அதே ஏட்டில் அதே பத்தியில்தான் இருக்கிறார்.