காலமும் முறையும்: உடற்காய இழப்பீட்டு வழக்குகளின் கால வரம்பு – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தேர்க்காலில் கன்றை இழந்த பசு, திருவாரூரில் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிட்டதைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. அம்மணிக்குக் கால வரம்பு கூறப்படவில்லை. இன்றைய சட்டமோ நாள் குறிக்கிறது. அந்நாள் கடந்தால் உண்மையான முறையீடும் கேட்கப்படாமற் போகலாம். காலம் கடந்ததனாலேயே ஒருவரின் உரிமை அழிவது அறமாகுமா என்னும் வினாவை, மும்பைத் தமிழர் வாழ்வுச் சூழலில் வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

வரம்பின் நியாயம்

கால வரம்பு நியாயமற்றது என ஒதுக்கிவிட இயலாது. சாட்சிகள் மறைவர், நினைவு மங்கும், ஆவணங்கள் அழியும். பல்லாண்டு கழித்துத் தொடுக்கப்படும் வழக்கில் எதிர்வாதி தன் தரப்பை மெய்ப்பிக்க வழியற்றவராகலாம். எனவே வரம்பு என்பது தீர்ப்பின் உண்மையைக் காக்கும் வேலி எனலாம். விழித்திருப்போர்க்கே சட்டம் துணைசெய்யும் என்னும் சட்ட முதுமொழியும் இக்கருத்தினதே.

ஒரே காயம், பல வரம்புகள்

தாராவியில் வாழும் தொழிலாளி ஒருவரின் கால் முறிந்ததாகக் கொள்வோம். மாட்டுங்காவில் புறநகர் இரயிலிலிருந்து தவறி விழுந்திருப்பின், 1987ஆம் ஆண்டின் இரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயச் சட்டப்படி ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படும். செம்பூர்ச் சாலையில் வாகனம் மோதியிருப்பின் ஆறு மாதம். இந்த ஆறு மாத வரம்பு 1994இல் நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மீண்டு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வரம்பைக் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யலாகாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. தனி வரையறை இல்லாத உரிமையியல் வழக்குகளுக்கு 1963ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டம் மூன்றாண்டு தருகிறது.

முறிந்த கால் ஒன்றே, வரம்புகள் வேறு. நினைவு மங்கும் வேகம் இரயிலுக்கு ஒன்றாகவும் சாலைக்கு வேறாகவும் இருத்தல் இயலாது. நீக்கியும் மீட்டும் அமைக்கத்தக்க வரம்பு இயற்கை நியதியன்று, மனிதத் தேர்வே. ஆதலின் அது அறக்கேள்விக்கு உட்பட்டதாகும். சிகிச்சைக்குப்பின் சொந்த ஊர் திரும்பி மாதக்கணக்கில் படுத்திருப்பவர், ஆவணங்களின் மொழி அறியாதவர் ஆகியோரின் தாமதத்தை உறக்கம் எனல் பொருந்தாது.

அறியாமையும் காலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதித் தமிழர் தாராவியில் தோல் பதனிட்டு வந்தனர். குரோமியத்தால் விளையும் நோய்களைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், கோரிக்கைக்கு இரண்டாண்டு வரம்பு வகுத்திருந்தது. விபத்துக்கு நாள் உண்டு. மெல்ல வளரும் நோய்க்கு நாள் எது?

இங்கிலாந்தில் நுரையீரலில் தூசு படிந்து நோயுற்ற எஃகுத் தொழிலாளர் தொடுத்த கார்ட்லெட்ஜ் வழக்கில், நோயை அவர்கள் அறியுமுன்னரே காலம் முடிந்துவிட்டதெனப் பிரபுக்கள் அவை 1963இல் தீர்ப்பளித்தது. அதன் அநீதியை உணர்ந்த நாடாளுமன்றம் அவ்வாண்டே சட்டத்தைத் திருத்தியது. நம் கால வரம்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், வஞ்சனையால் மறைக்கப்பட்டவற்றிற்கு அறிந்த நாள் முதலே காலம் எண்ணுகிறது. மனிதர் மறைத்ததற்குக் காட்டும் பரிவை, உடல் மறைத்ததற்கும் காட்டுதலே முறையாகும்.

முடிவுரை

கால வரம்பு எதிர்வாதிக்குரிய நீதி; அதன் தொடக்கநாள் காயமுற்றவர்க்குரிய நீதி. தீங்கை அறிந்து முறையிடத்தக்க நிலையை அவர் எய்திய நாளிலிருந்து காலம் எண்ணப்படுமாயின் இரண்டும் ஒத்துச் செல்லும். தாமதத்தால் சான்று அழிந்திருப்பின், அதனை வழக்கை விசாரித்து எடைபோடலாம். வாசலிலேயே தள்ளுதல் வேண்டா. மணிக்கு நாள் குறிக்கும் அரசு, அதன் கயிறு முறையிடுவோர் கைக்கு எட்டுகிறதா என்பதையும் நோக்கக் கடமைப்பட்டது.