அடியில் அழுத்தும் நீரை இறைத்துவிடு!

இரவு ஷிப்ட் பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் இன்னமும் உன் கண் வாசலுக்குப் போகிறதா, தங்கையே? வரவேண்டியவர் வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவருக்கும் சேர்த்து அரிசி அளந்துவிட்டு, ஆழாக்கும் கையுமாக நிற்கிறாயா? "எத்தனை நாளைக்குத்தான் அழுவ? தைரியமா இரு" என்கிறது ஊர். அழுகையை விழுங்குவதுதான் தைரியமா? நெய்வேலிக்காரர் எவரும் அதை நம்பக் கூடாது!

நம் காலடியைப் பார். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெருநீர் இருக்கிறது. சும்மா கிடக்கும் நீரல்ல, மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும் நீர். மேலே மண்பாரம் உள்ளவரை அடங்கிக் கிடக்கும். மண்ணை அள்ளிவிட்டாலோ சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு பொங்கும். அதை மூடியா வைத்தார்கள்? ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, பம்பு வைத்து, இராப்பகலாக இறைத்தார்கள். இன்றும் இறைக்கிறார்கள். தீபாவளி, பொங்கல் என்று அந்தப் பம்புகளுக்கு லீவு கிடையாது. இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் போகிறது.

உன் நெஞ்சுக்கடியில் முட்டுவதும் அதே நீர்தான். இறைத்துவிடு! இன்று அழுதாய், நாளையும் அழவேண்டியிருக்கிறது என்றால் அது தோல்வியல்ல, பம்பு ஓடுகிறது என்று அர்த்தம்.

இந்த மண்ணில் காயம்படாதவர் யார்? 2020-ல் மே மாதம் ஒன்று, ஜூலை 1-ல் ஒன்று என இரண்டாம் அனல்மின் நிலையத்தில் அடுத்தடுத்து இரண்டு கொதிகலன் விபத்துகள். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. 2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் சுரங்கப் பணிக்காகப் பச்சை நெற்பயிரின் மேல் இயந்திரம் ஏறியது. வளர்த்த பயிர் மண்ணோடு போவதைப் பார்த்த விவசாயியிடம் "மறந்துவிடு" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. உன்னிடமும்தான்.

"இன்னுமா தேறவில்லை?" என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல். 1957 மே 20-ல் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்! நான்கு வருஷத்துக்கு மேல் மண், மண், மண் மட்டுமே. அள்ளியவர்கள் கையை உதறிவிட்டுப் போகவில்லை. உனக்கு மட்டும் ஏன் நாற்பது நாள் கெடு?

தோண்டிக் கொட்டிய மண்மேட்டைப் பார்த்திருப்பாய். அடிமண் மேலே, மேல்மண் கீழே எனப் புரண்டு கிடக்கும் சத்தில்லாத மண். முதலில் புல்லும் தயங்கும். எருவிட்டு, பக்குவப்படுத்தி, கன்று நட்டுக் காத்திருந்தார்கள். இன்று அந்த மேடுகளில் மரம் நிற்கிறது. புரண்டு போன உன் வாழ்க்கைக்கும் அந்தப் பொறுமை வேண்டும். எழுந்திரு! நாளைக் காலை தலைவாரிக்கொள். வாசலில் கோலம் போடு. மார்க்கெட்டுக்கு நீயே நடந்து போ. வழியில் ஒருத்தி "எப்படி இருக்க?" என்று கேட்டால் "நல்லா இல்லக்கா" என்று உண்மையைச் சொல். நான் அறிந்தவரை, இதைவிடப் பெரிய துணிச்சல் இல்லை.

கேட்க ஆளே இல்லையா? 14416-க்கு போன் போடு. அரசின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இந்தப் பக்கத்தை மூடுமுன் அந்த எண்ணை உன் போனில் பதிந்து வை, தாயே.