செந்தூர் மணலும் ஐயனின் கோபமும்



"செந்தூர்ல கடல் கரையை அரிக்குது, ஐயன் கோபத்துல இருக்கார்"னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. எனக்கே நாலு குரூப்ல வந்துச்சு. சூரனையே மயிலாவும் சேவலாவும் பக்கத்துல வச்சுக்கிட்டவர் அவர். வாசலுக்கு வர்ற பிள்ளைங்களை மணலை இழுத்தா பயமுறுத்துவார்?

அந்த மணலைக் கொஞ்சம் பாருங்க. கணுக்கால் தண்ணியில நிக்கும்போது, அலை திரும்புற நேரம் குதிகாலுக்கு அடியில மணல் நழுவும் இல்லையா? காலைச் சுற்றிப் போகும் நீர் வேகம் கூடிச் சுழல்கிறது, சுழல் தோண்டுகிறது. பாலத்துத் தூணடியில் ஆறு பள்ளம் பறிப்பதும் இப்படித்தான்.

காற்றுக்கும் இதே வேலை. பக்கத்துல குதிரைமொழி தேரிக்குப் போனா, காற்று குவிச்ச செம்மண் மேடுகளைப் பார்க்கலாம். மணல் பறக்குற மாதிரி தெரியும். உண்மையில் பெரும்பாலான மணிகள் துள்ளித் துள்ளித்தான் போகும்; விழுற இடத்துல அடுத்த மணியைத் தட்டி எழுப்பும். பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் 1941-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு நகரும். மாவு மாதிரி தூசிதான் முதல்ல கிளம்பும்னு நினைப்போம். இல்லை, அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள மணிதான் முதலில் எழும். (சேர்ந்து இருக்கிற அடியாரை அசைக்க முடியாதுன்னு எங்க ஆச்சி சொல்வாங்க!)

கடற்கரையும் வரவு செலவுதான். ஓங்கிய அலை மணலை உள்ளே இழுக்கும். அமைதியான மாதங்களில் சின்ன அலை திருப்பிக் கொண்டுவரும். சாய்ந்து அடிக்கும் அலை, கரையோரமாகவே அடுத்த ஊருக்குத் தள்ளும். ஆற்று மணலை அணை பிடித்துக்கொண்டாலோ, லாரி அள்ளிப் போனாலோ, கடலுக்குள் நீட்டிய கல்சுவர் மறித்தாலோ எந்தக் கரையும் மெலியும். அதெல்லாம் மனுஷன் செய்றது. பழியை மட்டும் ஐயன் தலையில போடுறோம்.

சஷ்டிக்குப் போறவங்க ஒண்ணு கவனிங்க. ஐப்பசிக் கடல் முரடு. நேத்து இடுப்பளவு இருந்த இடத்துல இன்னைக்குப் பள்ளம் இருக்கலாம். ரெண்டு பக்கமும் அலை உடைய, நடுவுல மட்டும் அமைதியா, கலங்கலா தெரிஞ்சா அங்கே இறங்காதீங்க. தண்ணி மணலோட உள்ளே திரும்புற வழி அதுதான். குழந்தைங்க கையை விடாதீங்க. அந்த 'கோபம்' மெசேஜ் வந்தா, பதிலுக்கு இதை அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!