ஏட்டறிவும் நெஞ்சறிவும்

நூல்களை நேசிப்பது நற்பண்பு என்பதை நம்முள் மறுப்பார் எவருமிலர். ஆயினும் அது ஏன் நற்பண்பாகிறது என்று கேட்டால், விடை கூறச் சற்றே தயங்குவோம். உண்பதிலும் உடுப்பதிலும் ஒருவர் இன்பம் காண்கிறார். படிப்பதில் மற்றொருவர் இன்பம் காண்கிறார். முன்னதை ஆசை என்கிறோம். பின்னதை மட்டும் பண்பு என்று எதனால் போற்றுகிறோம்? வாழ்நாளெல்லாம் படித்தும் அண்டை வீட்டாரிடம் கடுஞ்சொல் பேசுவோரை நாம் கண்டதுண்டு. நான்கே கிதாபுகளை ஓதி, அந்த நான்கின்படி நடந்து, ஊருக்கே நிழலாய் விளங்கியவர்களையும் கண்டதுண்டு. ஆகவே படிப்பின் சிறப்பு, படித்து முடித்த நூல்களின் தொகையில் இல்லை என்பது தெளிவு. பின் எதில் இருக்கிறது?

நாம் கற்ற இரு மொழிகளின் சொற்களே இதற்கு ஓரளவு வழிகாட்டுகின்றன. 'கிதாப்' என்னும் சொல் பிறந்த அரபி வேருக்கு ஒன்றுசேர்த்தல், தைத்தல் என்னும் பொருள்களையும் அகராதியாசிரியர்கள் தருவர். தோற்பையைத் தைப்பதற்கும் அவ்வேர்ச்சொல் வழங்கியதுண்டு. தமிழிலோ நூல் என்பது இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் தீர்ப்பதுபோல் மனத்தின் கோணலைத் தீர்ப்பதே நூலின் மாண்பு என்று நன்னூலில் பவணந்தி முனிவர் கூறுகிறார். ஆக, ஒருவரை மற்றவரோடு இணைப்பதும், உள்ளத்தை நேராக்குவதுமே நூலின் வேலை. இவ்விரண்டும் நிகழாதவரை கண்கள் எழுத்துகளின் மீது நடந்தன எனலாமேயன்றி, படிப்பு நிகழ்ந்தது எனலாகாது.

பஸ்ரா நகரில் பிறந்து 9ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற அல்ஜாஹிழ் எனும் பேரறிஞர், இளமையில் ரொட்டியும் மீனும் விற்றுப் பிழைத்தவர் என்பர். நூல்களைப் படியெடுத்து விற்போரின் கடைகளை வாடகைக்குப் பிடித்து, இரவெல்லாம் அங்கே தங்கிப் படிப்பது அவர் வழக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். விடிந்ததும் கடை கடைக்காரருக்குரியது. ஏடுகளும் அவருக்கே உரியவை. இரவில் படித்தது மட்டும் படித்தவரோடு வெளியேறிச் சென்றது. பின்னாளில் 'கிதாபுல் ஹயவான்' போன்ற பெருநூல்களாக அது உலகுக்குத் திரும்பி வந்தது. உடைமை வேறு, அறிவு வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இதன் மறுபக்கத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமை வரலாறு காட்டுகிறது. 1058 முதல் 1111 வரை வாழ்ந்த அப்பெருந்தகை, ஜுர்ஜானில் கல்வி கற்றுத் தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் அனைத்தையும் பறித்துக்கொண்டனராம். பாடக்குறிப்புகள் இருந்த பையை மட்டுமாவது தந்துவிடுமாறு அவர் பின்சென்று கெஞ்சினார். அக்கல்விக்காகவே ஊரைத் துறந்து போனதாகக் கூறினார். கொள்ளையர் தலைவன் நகைத்தான். பை போனதும் போய்விடுகிற அறிவை உமது அறிவென்று எவ்வாறு சொல்லிக்கொள்கிறீர் என்று கேட்டுவிட்டு, பையைத் திருப்பித் தரச் செய்தான். இறைவனே அவன் நாவின் வழியாகத் தமக்கு வழிகாட்டினான் என்று இமாமவர்கள் கருதினார்கள். மூன்றாண்டுகள் தூஸ் நகரில் தங்கி, குறிப்புகள் அனைத்தையும் நெஞ்சில் ஏற்றினார்கள்.

கைபேசியில் ஆயிரம் நூல்களை வைத்திருக்கும் இக்காலத்தவரிடம் அக்கொள்ளையன் அதே கேள்வியைக் கேட்டால் என்ன விடை கிடைக்கும்? எனினும், மனனம் செய்துவிட்டால் போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. வேதத்தைச் சுமந்தும் அதன் பொறுப்பை நிறைவேற்றாதோரை ஏடுகளைச் சுமக்கும் கழுதைக்கு உவமிக்கிறது ஸூரத்துல் ஜுமுஆ. முதுகில் சுமந்தாலும் நினைவில் சுமந்தாலும் சுமை சுமைதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முதியோர் சொல்வதும் இதைத்தான்.

அப்படியானால் நூல் எப்போது நெஞ்சறிவாகிறது? இப்னு சீனா தம் வாழ்க்கையைத் தாமே சொல்லியிருப்பதில் இதற்கு விளக்கம் உண்டு. அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருள் நூலை அவர் 40 முறை படித்தார். நூல் மனப்பாடமே ஆகிவிட்டது, பொருள்தான் விளங்கவில்லை. இது விளங்காத நூல் என்று கைவிட்டார். ஒருநாள் நூல் விற்கும் கடைத்தெருவில் தரகர் ஒருவர் ஒரு நூலை நீட்டினார். இவர் மறுத்தார். உடையவருக்குப் பணமுடை, மலிவாகத் தருகிறேன் என்று தரகர் வற்புறுத்தவே, மூன்று திர்ஹத்துக்கு வாங்கினார். அந்நூல், அதே மெய்ப்பொருள் நூலின் நோக்கங்களை விளக்கி அல்ஃபாராபி எழுதியது. வீட்டுக்கு விரைந்து படித்தார். மூடியிருந்த கதவு திறந்தது. மறுநாள் இறைவனுக்கு நன்றியாக ஏழைகளுக்குப் பெருந்தர்மம் செய்தார்.

இதில் நம் நெஞ்சைத் தொடுவன இரண்டு. பேரறிவாளராகிய அவராலும் தனித்து நின்று அந்நூலைத் திறக்க முடியவில்லை. அவருக்கு முன்பே, 950ஆம் ஆண்டில் மறைந்துவிட்ட ஒருவர் எழுதிய சிறுநூல் தேவைப்பட்டது. அதையும் பெயர் தெரியாத ஏழை ஒருவர் விற்க வேண்டியிருந்தது. நூல் என்னும் இழை மூவரையும் தைத்தது. அடுத்தது, விளக்கம் பெற்றவர் அந்த இன்பத்தைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவர் கை ஏழைகளை நோக்கி நீண்டது.

இனி நம் வீடுகளை நோக்குவோம். பள்ளிக்கூட வாசலை மிதியாத நம் பாட்டிமார், அரபி எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களைப் படித்தே மார்க்கத்தையும் ஒழுக்கத்தையும் அறிந்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'மகானி' தமிழ் முஸ்லிம் வீடுகளில் அவ்வாறு ஓதப்பட்டது. பின்னர் பள்ளிகளும் அச்சகங்களும் தமிழெழுத்தைப் பரப்பின. அது நன்மையே. ஆனால் பழைய ஏடுகளைப் படிக்கும் பழக்கம் இடையில் அறுந்தது. இன்று பேரப்பிள்ளைகள் அவற்றைத் திறந்தால், எழுத்து அரபியாய்த் தெரிகிறது. உள்ளே இருப்பது தங்கள் தாய்மொழி என்பதே தெரிவதில்லை. கண்ணில் ஒற்றி முத்தமிட்டு, பழைய குர்ஆன் தாள்களோடு சேர்த்து மண்ணில் அடக்கிவிடுகின்றனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தபோது தமிழுலகம் துடித்தது. மரியாதையோடு புதைக்கப்படும் நூலுக்காக யார் துடிப்பது?

படிக்காமல் நேசிப்பதும் நூலுக்கு அழிவே என்பதை இதனால் உணர்கிறோம். நம்மிடையே அரபுத்தமிழ் வாசிக்க அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். இஷாவுக்குப் பின் ஒரு பக்கம் அவர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும். பிள்ளைகள் அதைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். விளங்காத இடத்தில் பிள்ளை கேட்கும், பெரியவர் விளக்குவார், இருவருக்கும் விளங்காததை ஆலிம்களிடம் கேட்டறிவர். அவ்வேளையில் அந்த வீட்டில் நடப்பதையே நாம் நூலின் மீதுள்ள நேசம் என்போம். அது பண்பா, ஆசையா என்ற ஐயத்துக்கு அங்கே இடமிராது.