கூண்டும் குணமும்

வாய்ப்பாடு ஒப்பிக்க எழுந்து நிற்கிறான் ஒரு சிறுவன். நேற்றிரவு உம்மாவின் முன் தடுமாறாமல் ஒப்பித்தவன்தான். இன்று பிரம்பைக் கண்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. 'அக்கறையில்லாதவன்' என்ற தீர்ப்பு உடனே கிடைத்துவிடுகிறது. அச்சம் ஒரு நாளோடு போனால் பெரிய தீங்கில்லை. அந்த அச்சமே அன்றாட வாழ்க்கையாகிவிட்டால் என்னவாகும்?

கடன் தொல்லை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வீட்டில் வாப்பா எடுத்ததற்கெல்லாம் சீறுகிறார்; 'முன்கோபி' என்கிறோம். ஓயாத ஏச்சுக்கிடையே வாழும் மருமகள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறாள்; 'பொறுப்பில்லாதவள்' என்கிறோம். மறதியும் சிடுசிடுப்பும் சோர்வும் ஒருவருடைய குணத்திலிருந்து பிறக்கின்றனவா, அல்லது அவர் அடைபட்டிருக்கும் நிலையிலிருந்து பிறக்கின்றனவா? ஒழுக்கவியலில் இது பழைய கேள்வி. இதற்குச் சாட்சி சொல்ல இன்று ஆய்வுக்கூடத்து எலியும் சுண்டெலியும் வந்து நிற்கின்றன.

இவற்றின் சாட்சியத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. எலிக்குப் பாசாங்கு தெரியாது. சாக்குச் சொல்லத் தெரியாது. பிறர் இரக்கத்தைப் பெற நடிக்கவும் தெரியாது. அதன் நடத்தை மாறினால், அதன் நிலை மாறியதே காரணம் என்று துணிந்து கூறலாம்.

ஒரு வட்டமான தொட்டி. அதில் கலங்கிய நீர். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குப் புலனாகாத ஒரு மேடை. நீரில் விடப்பட்ட பிராணி நீந்தித் தவித்து மேடையைக் கண்டுபிடிக்கிறது. சில நாள் பயிற்சியில், சுற்றுப்புற அடையாளங்களை வைத்தே நேராக அங்கே சென்றுவிடும். 1981-இல் ரிச்சர்ட் மாரிஸ் என்ற அறிஞர் விவரித்த இந்தச் சோதனை, நினைவாற்றலை அளக்கும் கருவியாக உலகெங்கும் பயன்படுகிறது. வாரக்கணக்கில் துன்பத்துக்கு உள்ளான பிராணிகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் வழி தவறித் தடுமாறுகின்றன. அவற்றின் நடத்தையும் மாறிவிடுகிறது. சர்க்கரை நீரையும் வெறும் நீரையும் அருகருகே வைத்தால் சுண்டெலி இயல்பாக இனிப்பையே நாடும். நெடுநாள் துன்புற்ற சுண்டெலிக்கோ அந்த நாட்டம் குன்றிவிடுகிறது.

மூளைக்குள் நடப்பது என்ன? துன்ப வேளையில் அட்ரினல் சுரப்பி ஒருவகை ஹார்மோனைச் சுரக்கிறது. ஆபத்து நேரத்தில் அது உயிர் காக்கும் துணை. விலகாமல் தங்கிவிட்டால் அதுவே சுமை. நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் குழுவினர், எலிகளை நாள்தோறும் 6 மணி நேரம் வீதம் 21 நாட்கள் அசைய இயலாதவாறு அடைத்து வைத்தனர். நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் குறுகிவிட்டதை 1992-இல் வெளியிட்டனர்.

பத்தாண்டுகளுக்குப் பின், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த சுமந்த்ர சட்டர்ஜியும் அவருடன் பணியாற்றியோரும் மற்றோர் உண்மையைக் கண்டனர். 10 நாள் துன்பத்தில் எலியின் ஹிப்போகாம்பஸ் கிளைகள் சுருங்கின; அதே வேளையில் அச்சத்தை ஆளும் அமிக்டலா என்ற பகுதியிலோ கிளைகள் தழைத்தன! அத்துடன் முடியவில்லை. துன்பத்தை நிறுத்தி 21 நாட்கள் ஓய்வு கொடுத்த பின் சுருங்கியவை மீண்டன. அச்சத்தின் கிளைகளோ அப்படியே நின்றன. அந்த எலிகளின் கலக்கமும் தணியவில்லை என்று 2004-இல் எழுதினர்.

எலியின் மூளையை அப்படியே மனிதன் மீது பொருத்திவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் சிந்திக்க வேண்டாமா? பிரம்படிப் பள்ளியில் படித்து முதுமை எய்தியவர்களைக் கேளுங்கள். பாடம் மறந்துவிட்டது என்பார்கள். பிரம்பு மறக்கவில்லை என்பார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'அதே வீட்டில்தான் அவன் அண்ணனும் வளர்ந்தான், அவன் தாங்கவில்லையா?' அதற்கும் சுண்டெலியிடம் விடை உண்டு. மரபணுவில் ஏறத்தாழ ஒன்றேயான சுண்டெலிகளை, 10 நாட்கள் தம்மினும் முரட்டுச் சுண்டெலிகளிடம் தோற்கவைத்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. சில ஒடுங்கிப் போய்த் தம் இனத்தையே கண்டு விலகின, சில தாக்குப்பிடித்தன. மரபும் ஒன்று, துன்பமும் ஒன்று, விளைவுதான் வேறு. தாங்கியவனைக் காட்டித் தாங்காதவனைப் பழிப்பது நீதியாகாது.

அப்படியானால் எவர் மீதும் குற்றமில்லையா? எல்லாம் கூண்டின் பிழையா? இல்லை. முன்கோபத்தில் அடித்த கை அடித்த கைதான். அடிபட்டவரின் வலிக்குக் காரணம் சொல்லி ஈடு செய்ய முடியாது. மனிதனுக்கும் எலிக்கும் இடையே உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. எலி தன் கூண்டைக் கட்டவில்லை; பிற எலிகளை அடைக்கவும் இல்லை. மனிதனோ இரண்டையும் செய்கிறான். ஆகவே பொறுப்பு மறைந்துவிடவில்லை. அது இருவர் மீது விழுகிறது. தவறியவன் தன் தவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவனைச் சுற்றி இருப்பவர்கள் அவன் கூண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த அறிவை நாம் இலவசமாகப் பெறவில்லை. வாயற்ற உயிர்கள் வதைபட்டுத் தந்தது அது. ஆய்வுகளில் இயன்றவரை மாற்று வழி தேடுக, எண்ணிக்கையைக் குறைக்க, வலியைத் தணிக்க என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இலேயே நெறி வகுத்தார்கள். ஆய்வாளரின் கடமை அது. அந்த வதையின் பயனை அறிந்த பிறகும் நம் வீட்டில் ஒரு கூண்டை அப்படியே வைத்திருந்தால், அந்த உயிர்கள் பட்ட துன்பம் வீணாகிவிடாதா?

இன்று மாலை அந்தச் சிறுவன் வீடு திரும்புவான். 'ஏன் மறந்தாய்?' என்று கேட்பது எளிது. 'எதற்குப் பயந்தாய்?' என்று கேட்டுப் பார்ப்போம்.