பெரிய மீனும் சிறிய மீனும்

பெரிய மீன் சிறிய மீனைத் தின்பது இயற்கையின் நியதி; ஆகவே வலியவன் எளியவனை உறிஞ்சுவதும் நியதியே என்று வாதிடுவோர் இன்றும் உளர். அவர்கள் சான்றுக்கு அழைக்கும் குளத்தையே நாம் விசாரிப்போம்.

ஆழமற்ற குளத்திலே டப்னியா என்னும் நீர்த்தெள்ளு நுண்பாசியை உண்கிறது. நீர்த்தெள்ளைச் சிறுமீன் தின்கிறது. சிறுமீனைப் பைக் என்னும் பெருமீன் தின்கிறது. பெருமீன் அருகினால் சிறுமீன் பெருகும், நீர்த்தெள்ளு குறையும், பாசி மண்டி, ஒளியின்றி அடித்தாவரங்கள் மடியும்.

ஒல்லாந்திலே சுவெம்லுஸ்ட் என்னும் 1.5 ஹெக்டேர் குளம் இவ்வாறு கலங்கிக் கிடந்தது. 1987இல் நீரை இறைத்து, மீன்களை அகற்றி, பைக் குஞ்சுகளை விட்டனர். அவ்வாண்டுக் கோடையிலே நீர்த்தெள்ளு பெருகி நீர் தெளிந்தது. ஆயினும், மாசுற்ற அயலாற்றிலிருந்து பாசிக்கு ஊட்டமாகும் சத்துக்கள் ஊறிவருவது நின்றபாடில்லை. தாவரங்களைப் பறவைகளும் மீன்களும் மேய்ந்து குறைக்க, சில ஆண்டுகளில் நீர் மீண்டுங் கலங்கியது.

'பார்த்தீர்களா, பெருமீனாலன்றோ குளம் தெளிந்தது! முதலாளியாலேயே ஊரும் வாழ்கிறது' என்பாரும் எழலாம். பைக் பசிக்குத் தின்கிறது, களஞ்சியம் கட்டுவதில்லை. தின்பதா விடுவதா என்று எண்ணித் தெரியும் ஆற்றலும் அதற்கில்லை. தெரிவு இல்லாத இடத்தில் நீதியுமில்லை, அநீதியுமில்லை. கூலியைக் குறைப்பவனோ தெரிந்தே குறைக்கிறான்.

குளத்தைப் பாழாக்கியது மீனின் பசியன்று. கரையிலிருந்து மனிதன் ஆற்றிற் கலந்த கழிவே. அதனை நிறுத்தும் பொறுப்பும் மனிதனுடையதே. சமுதாயத்தின் கலங்கலுக்கும் இயற்கையைக் குற்றஞ் சாட்டாது, அதைக் கலக்குபவரை நாம் கேள்வி கேட்கவேண்டும்.